மலைச்சாலையில் மீண்டும் மீண்டும் எரியும் எஞ்சின் விளக்கு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறுக்கு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திற்கும் மேட்டிற்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டராகும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பெட்ரோல் கார் ஒன்று இந்த ஏற்றத்தில் பாதி தூரம் செல்வதற்குள், ஓட்டுபவரின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரைப் பொருத்தி அதை அணைத்துக் கொடுக்கிறார்கள். பதினைந்து நாட்களில் விளக்கு மறுபடியும் எரிகிறது. ஒரு சென்சாரை மாற்றுகிறார்கள், பின்னும் எரிகிறது. தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தோட்டப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கும், ஏலத் தோட்டங்களைச் சுற்றிவரும் களப்பணியாளர்களுக்கும் இது வெறும் தொல்லை மட்டுமன்று. தகுந்த கருவிகள் உள்ள ஒர்க்ஷாப்பிற்குப் பெரும்பாலும் மலையிறங்கியே போக வேண்டியிருக்கிறது. ஊகத்தின் பேரில் மாற்றப்படும் ஒவ்வொரு பாகமும் ஒரு மாதச் சம்பளத்தின் கணிசமான பகுதியைக் கரைத்துவிடும்.

இவ்விளக்கு தோன்றிய வரலாறு காற்று மாசைத் தடுக்கும் முயற்சியுடன் தொடர்புடையது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1988ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து, வண்டி தன் குறையைத் தானே கண்டறிந்து அறிவிக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. 1996 முதல் அந்நாடு முழுவதும் ஒரே வகையான இணைப்பும் ஒரே வகையான குறியீட்டு எண்களும் வழக்கிற்கு வந்தன. இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளுக்குட்பட்ட வண்டிகளில் 2010 ஏப்ரலில் இதன் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, இவ்விளக்கின் முதற் கடமை ஓட்டுபவரைக் காப்பதன்று. வண்டியிலிருந்து வெளியேறும் புகை வரம்பு மீறுவதை அறிவிப்பதேயாகும். இடுக்கி மலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளில் இவ்விளக்கு கிடையாது. அதனால் அவற்றில் குறையே இல்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

சிவப்பு விளக்குகளை இதனுடன் சேர்த்து எண்ணக்கூடாது. எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். வெப்பநிலை விளக்கு எரியும்போதும் அவ்வாறே. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியின் ஓட்டத்தில் மாறுதல் ஏதும் இல்லையானால், மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. எஞ்சினின் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். அவ்வாறு வெளியேறும் பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் சென்று எரிந்து, அதனுள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடும். அப்பீங்கானின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. மின்னும் விளக்குடன் மலையேறுவது பெருஞ்செலவைத் தேடிக்கொள்வதாகும்.

விளக்கு அணைந்து அணைந்து எரிவதன் காரணத்தை அறிய, எஞ்சினின் கணிப்பொறி எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான குறைகளுக்கு, ஒருமுறை கண்டவுடனே அது விளக்கை ஏற்றுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு அல்லது மூன்று பயணங்களில் அதே குறை தென்பட்ட பின்னரே ஏற்றுகிறது. குறை கண்ட கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, பளு, வண்டியின் வேகம் ஆகியவற்றை ஒரு நிழற்படம் போலத் தன் நினைவில் பதித்தும் வைத்துக்கொள்கிறது. ஸ்கேனரில் அழிக்கும் பொத்தானை அழுத்தும்போது விளக்கு அணைவதோடு இப்பதிவும் போய்விடுகிறது. குறை மட்டும் அப்படியே இருக்கிறது. கணிப்பொறி தன் பரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்குகிறது. அவை முடிந்ததும் விளக்கு மீண்டும் எரிகிறது. நோயாளியின் காய்ச்சல் குறிப்பைக் கிழித்தெறிந்துவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்வதைப் போன்றது இது. குறியீட்டு எண்ணையும் அக்கணப் பதிவையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் அழிக்க விடுவதே இவ்விஷயத்தில் மிகப் பரவலாகச் செய்யப்படும் தவறு.

இனி, பழைய கார்களில் அடிக்கடி வரும் பி0171 என்னும் எண்ணைப் பார்ப்போம். எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் எவ்வளவு ஆக்சிஜன் எஞ்சியுள்ளது என்பதைக் கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. அதற்கேற்பக் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. இத்திருத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. பல வண்டிகளில் அது 20 முதல் 25 சதவிகிதம் வரை இருக்கும். எல்லையைத் தொட்டதும் விளக்கு எரிகிறது.

இந்த எல்லையின் ஒரு பகுதி, வண்டியில் எக்குறையும் இல்லாதபோதே இப்பொழுது செலவாகிவிடுகிறது என்பது பலரும் கவனியாத செய்தி. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2022இல் 10 சதவிகிதத்தையும், 2025இல் 20 சதவிகிதத்தையும் எட்டியது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனே. எனவே 20 சதவிகிதக் கலவைக்கு வேண்டிய காற்று ஏறத்தாழ 13.5 பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலுக்கென அமைக்கப்பட்ட எஞ்சின் இக்கலவையில் ஓடும்போது, ஏழெட்டு சதவிகிதம் கூடுதலாக எரிபொருளைத் தெளிக்க வேண்டியிருக்கும். முன்பு விளக்கை எரியச் செய்யாத சிறு காற்றுக் கசிவு இன்று அதை எரியச் செய்துவிடலாம். கசிவைச் சரிசெய்வதுதான் பரிகாரம். புதிய ஆக்சிஜன் சென்சார் வாங்கிப் பயனில்லை. அது உள்ளதை உள்ளபடியே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரே எண்ணுக்கு இரு வேறு காரணங்கள் இருக்கும்போது, விளக்கு எரியும் இடமே உண்மையைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே செல்லும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் பொருத்திய வண்டி ஒன்றில், அச்சென்சாருக்கு அப்பாலுள்ள ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறது என்று கொள்வோம். எஞ்சின் சும்மா ஓடும்போது உட்செல்லும் காற்று சொற்பம். அதில் கசிவின் பங்கு பெரிது. எனவே வாளையாறு வழியில் வரிசையில் காத்து நிற்கையிலோ, சித்தூர்க் கடைத்தெருவில் ஊர்ந்து செல்லும்போதோ திருத்த அளவு உயரும். வேகம் பிடித்ததும் தணியும். பெட்ரோல் பம்பு தளர்ந்திருந்தாலோ வடிகட்டி அடைத்திருந்தாலோ இதற்கு நேர்மாறாக நிகழும். பாலக்காட்டுச் சமவெளியில் வண்டி குறையின்றி ஓடும். போடிமெட்டு ஏற்றத்திலோ குமுளி ஏற்றத்திலோ எஞ்சின் மிகுதியான பெட்ரோலைக் கேட்கும்போதுதான் போதாமை வெளிப்படும். டாங்கில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருந்தால், செங்குத்தான வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சுவதும் உண்டு. அப்படியானால் பெட்ரோல் நிரப்புவதே போதும். காற்றழுத்தத்தை மட்டும் அளந்து கணக்கிடும் சிறிய கார்களில் குழாய் வெடிப்பு வேறு விதமாகத் தெரியும்; கலவை பெரிதும் மாறாமல், சும்மா ஓடும் வேகம் மட்டும் கூடிவிடும்.

உயரத்தையே குற்றம் சொல்வோரும் உளர். மூணாறு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் திறன் குறைவது உண்மையே. ஆனால் கணிப்பொறி அழுத்தத்தை அறிந்து பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவதால், உயரம் மட்டும் விளக்கை ஏற்றாது.

மலைப் பகுதியின் ஈரம் வேறு வகையில் வேலை செய்கிறது. தீப்பொறி காயிலின் உறையில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், மழைக்கால விடியற்காலையில் மின்சாரம் அவ்வழியே ஒழுகிவிடும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தீப்பொறி பாய்வதும் கடினமாகிறது. இத்தகைய குறைக்கு பி0301, பி0302 என எண்கள் வரும். கடைசி இலக்கம் எந்த சிலிண்டர் என்பதைக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டிகளில், ஆசிரியர்கள் மாணவருக்கும் விளக்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஆறி, சாவி எடுக்கப்பட்ட நிலையில், இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். மறுமுறை எண் பி0303 என வந்தால் குற்றம் காயிலுடையது. பி0302 ஆகவே நின்றால் காயில் நிரபராதி. ஸ்பார்க் பிளக், பெட்ரோல் தெளிப்பான், வயர்கள் ஆகியவற்றை ஆராய வேண்டும். இச்சோதனைக்குக் காசு செலவில்லை.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல எண்கள் ஒருசேர வந்தால், பாட்டரியையும் எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் வயரையும் முதலில் பார்ப்பது நன்று. எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தால் எந்தச் சென்சாரின் சொல்லையும் நம்ப இயலாது. எலி கடித்த வயர்களும் தோட்டப்புற வீடுகளில் அபூர்வமல்ல. குளிர்ந்த காலையில் நெடுந்தூரம் மலையிறங்கும்போது மட்டும் பி0128 வருமானால், தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பெரிதும் அச்சமூட்டும் எண் பி0420. கன்வர்ட்டர் சரிவர வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். உடனே கன்வர்ட்டரை மாற்றச் சொல்வது எளிது. செலவோ மிகப் பெரிது. புகைக்குழாய் இணைப்பில் சிறு ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் பின்புறச் சென்சார் இவ்வாறே ஏமாறும். கன்வர்ட்டர் உண்மையாகவே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது எது என்ற கேள்வி நிற்கிறது. தீப்பொறித் தவறோ, எண்ணெய் எரிதலோ நீங்காமல் புதியதைப் பொருத்தினால், பழையதற்கு நேர்ந்த கதியே புதியதற்கும் நேரும்.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்ற யோசனையும் பரவலாக உலவுகிறது. அமெரிக்க வண்டிகள் பெட்ரோல் ஆவிக் கசிவைத் தாமே பரிசோதிப்பவை. அங்கு அது பொருந்தும். ஐரோப்பிய விதிமுறையைப் பின்பற்றும் இந்திய வண்டிகளில் பெரும்பாலும் அப்பரிசோதனை இல்லை.

பழைய கார் வாங்குவோர் சாவியை எஞ்சின் ஓடுமுன் உள்ள நிலைக்குத் திருப்பிப் பார்க்கட்டும். அப்போது மஞ்சள் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால், விளக்கு பழுதாகியிருக்கலாம் அல்லது எவரேனும் அதைக் கழற்றியிருக்கலாம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருப்பதைக் கொண்டு திருப்தியடைய வேண்டாம். அப்பரிசோதனை வண்டியை நிறுத்தி வைத்துச் செய்யப்படுவது. ஏற்றத்தில் மட்டும் தோன்றும் குறை அதில் தெரியாது.

வண்டியிலேயே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது விலையுயர்ந்த ஸ்கேனருக்கு ஒப்பானது. விளக்கு எரிந்த நாள், இடம், ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா, எஞ்சின் சூடேறியிருந்ததா, கடைசியாக எங்கு பெட்ரோல் போட்டது என்பவற்றை நிறுத்திய பின் குறித்துக்கொண்டால், மூன்று நான்கு பதிவுகளிலேயே ஓர் ஒழுங்கு புலப்படும். மெக்கானிக்கிடம் முதலில் காட்ட வேண்டியது அப்பக்கத்தையே.

பழுது நீக்கிய பின்னர், சமவெளியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. குறை எந்த ஏற்றத்தில், எந்த நேரத்தில் தோன்றியதோ அதே ஏற்றத்தில், அதே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கேனரால் அழிக்காமல் விட்டாலும், குறையற்ற மூன்று பயணங்களுக்குப் பின் விளக்கு தானே அணையும். எஞ்சின் சுமார் நாற்பது முறை குளிர்ந்து சூடேறிய பின் எண்ணும் நினைவிலிருந்து நீங்கும்.