ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதே, கண்ணு

பத்தாவது பரீட்சை எழுதின உன் பொண்ணுக்கு இந்த லீவுலயே சாதிச் சான்றிதழ் வாங்கி வச்சிடு. ரிசல்ட் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா, ஆத்தூர் தாலுகா ஆபீஸ்ல அப்ப ஊரே நிக்கும். இடஒதுக்கீடு, உதவித்தொகை, கடன்னு சிறுபான்மையினருக்காக அரசாங்கம் செஞ்சிருக்கிற பல ஏற்பாட்டுக்கு முதல்ல கேக்குறது இந்தக் காகிதத்தைத்தான்.

2007-ல தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துல இருந்து 3.5 சதவீதத்தை முஸ்லிம்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துச்சு. பி.சி.எம்.னு சொல்றது அதைத்தான். முஸ்லிமா இருந்தாலே கிடைச்சிடும்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. அன்சார், தக்னி, தூதேகுலா, லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத்னு ஏழு பிரிவு பட்டியல்ல இருக்கு. ராவுத்தரும் மரைக்காயரும் லப்பைக்குள்ள வந்துடுவாங்க, வீட்டுல பேசுறது தமிழா இருந்தாலும் சரி, உருதுவா இருந்தாலும் சரி. பள்ளிக்கூட டி.சி.யில வெறும் 'முஸ்லிம்'னு மட்டும் எழுதியிருந்தா அங்கதான் சிக்கல். அதனால உன் வீட்டுக்காரரோட சான்றிதழ் எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடு. அவருக்கு இல்லேன்னா அவரோட அண்ணன் தம்பி, அத்தைமார் யாருகிட்டயாவது இருக்கும். பிரிவைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பேரையும் எழுத்துக்கு எழுத்து பாத்துக்கோ. ரேஷன் கார்டுல ஷாஜகான், ஆதார்ல ஷாஜஹான், டி.சி.யில சாஜகான்னு மூணு விதமா இருந்தா, திருத்திட்டு வாங்கன்னு மனுவைத் திருப்பிடுவாங்க. முதல்ல அதைச் சரி பண்ணிட்டு, அப்புறம் இ-சேவை மையத்துக்குப் போ. மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை தாசில்தார்னு மேல போகும். எங்க நிக்குதுன்னு அடிக்கடி கேட்டுக்கிட்டே இரு, கேக்காத மனு அங்கேயே கிடக்கும். வருமானச் சான்றிதழையும் சேத்தே கேளு, ஆனா அதை வருஷா வருஷம் புதுசா வாங்கணும். மத்திய அரசு இடங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி, மாநிலச் சான்றிதழைக் காட்டினா செல்லாது.

உன் பொண்ணோட படிக்கிற கருமந்துறை மலைப் புள்ளைங்களுக்கும் இதைச் சொல்லு. பழங்குடிச் சான்றிதழ் தர்ற அதிகாரம் தாசில்தாருக்கு இல்ல, கோட்டாட்சியருக்குத்தான். சேலம் மாவட்ட மலையாளிகள் பழங்குடிப் பட்டியல்ல இருக்காங்க, ஆனா ஈரோடு மலையில அதே சமூகத்துக்காரங்க இல்ல. பட்டியல் மாவட்டம் பாத்து எழுதப்பட்டது. ஒரே சனத்தை மாவட்ட எல்லை பிரிக்கிறது எனக்கு இன்னிக்கும் மனசு ஆறாத விஷயம். கிறிஸ்தவத்துக்கு மாறின ஆதிதிராவிடர் வீட்டுப் புள்ளைங்களுக்கு இடஒதுக்கீடு பி.சி.யில வரும். ஆனா உதவித்தொகைக்கு ஆதிதிராவிடர் நலத்துறையில கேக்கணும். நிறைய பேர் பி.சி. ஆபீஸ்லயே அலைஞ்சுட்டு விட்டுடுறாங்க.

ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சுட்டு காலேஜ் சேர்ற பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களையும் பிறகு சேத்துக்கிட்டாங்க. சிறுபான்மையினர் நடத்துற உதவி பெறும் பள்ளியில படிச்சா கிடைக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதே.

நீ வைக்க நினைக்கிற தையல் கடைக்குப் பணம் வேணும்னு வட்டிக்காரர்கிட்ட போகாதே. டாம்கோன்னு சொல்ற சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் 1999-ல இருந்து இருக்கு. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் எல்லாருக்கும் கடன் உண்டு. தனிநபர் கடன், குழுக் கடன், கல்விக் கடன்னு தனித்தனியா இருக்கு. சேலம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துல விண்ணப்பம் வாங்கு. மெஷின் விலைக்கு கடைக்காரர்கிட்ட விலைப்பட்டியல் எழுதி வாங்கிட்டுப் போ, இல்லேன்னா அதுக்காகவே இன்னொரு தடவை சேலத்துக்கு பஸ் ஏறணும்.

அதே ஆபீஸ்ல முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தைப் பத்தியும் கேட்டுட்டு வா. கலெக்டர்தான் அதுக்குத் தலைவர். புருஷன் இல்லாதவங்க, கைவிடப்பட்டவங்க, பிழைக்க வழியில்லாதவங்களுக்கு உதவத்தான் அது இருக்கு. கிறிஸ்தவப் பெண்களுக்கும் இதே மாதிரி சங்கம் உண்டு. அந்த நிலைமையில இருக்கிற உன் பக்கத்து வீட்டுப் பொண்ணு வாய் திறந்து கேக்க மாட்டா, நீதான் கூட்டிட்டுப் போகணும். தலாக் ஆன பொண்ணு ஜீவனாம்சம் கேக்க முடியாதுன்னு ஜமாத்துலயோ வீட்டுலயோ யாராவது சொன்னா, 2024 ஜூலை 10 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சொல்லு. மத்தப் பெண்கள் போற அதே சட்டப் பிரிவுல முஸ்லிம் பெண்ணும் போகலாம். வெளியில இருந்து வர்ற அநியாயத்தைத் தட்டிக் கேக்குறோம், நம்ம வீட்டுக்குள்ள நடக்குறதை மட்டும் மூடி வைக்கிறது சரியில்ல.

எந்த ஆபீஸ்ல இல்லேன்னு சொன்னாலும் வாய்வார்த்தையா வாங்கிட்டு வராதே, எழுதித் தரச் சொல்லு. தரலேன்னா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுத்து ரசீது வாங்கிக்கோ. 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேக்கலாம், 30 நாளுக்குள்ள பதில் தரணும். சிறுபான்மையினர்ங்கிறதாலயே உரிமை மறுக்கப்படுதுன்னு பட்டா, சென்னையில இருக்கிற மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு எழுது. 1989-ல தொடங்கினாங்க, 2010-ல சட்டப்படியான அமைப்பா ஆக்கினாங்க. என்ன நடந்துச்சு, எந்த தேதி, எந்த ஆபீஸ், யார் என்ன சொன்னாங்கன்னு தெளிவா எழுதி, மனு ரசீதோட நகலை இணைச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு.