பள்ளியும் பல்லியும்: மாணவர் படைப்புகளே பாடநூலான கதை

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, மலாய், சீன மாணவர்கள் பதினெட்டுப் பேருக்கு அடிப்படைத் தமிழ் கற்பித்துக் கொண்டிருந்தேன். வகுப்பு கணினித் திரைக்கு மாறியது. முதலிரு வாரங்கள் நான் மட்டுமே பேசினேன். சபாவின் உட்பகுதியில் இருந்த மாணவி ஒருவருக்கு இணைப்பு அடிக்கடி அறுந்தது. அவர் காதில் பாதி வாக்கியந்தான் விழுந்திருக்கும்.

வேறு வழியின்றி ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள பொருள்களைப் படமெடுத்து, அரை நிமிடத்திற்குத் தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அடுத்த வாரப் பாடம் அவற்றிலிருந்தே அமையும். குரல் பதிவுக்குக் குறைந்த தரவு போதும் என்பதால் சபா மாணவியும் தடையின்றிக் கலந்து கொண்டார். மலாய் மாணவர்கள் தேடித் தேடி அனுப்பியவை கட்டிலும் பெட்டியும். இவ்விரு சொற்களும் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றவை என்பதைக் கண்டபோது அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி!

உச்சரிப்பில்தான் சிக்கல். மாண்டரின் பேசுவோருக்கு ழகரம் ஓரளவு எளிதாகவே வந்தது. அம்மொழியில் அதற்கு நெருங்கிய ஒலி உண்டு. ளகரம் எவருக்கும் பிடிபடவில்லை. ஒரு மாணவி, "என் தம்பி பல்லிக்குப் போகிறான்" என்று பதிவு செய்தார். கேட்டதைப் படமாக வரையச் சொல்லியிருந்தேன். பலர் சுவரையும் பல்லியையும் வரைந்து அனுப்பினர்! லகர ளகர வேறுபாட்டை நான் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அந்தப் படங்கள் செய்த வேலையை என் விளக்கம் ஒருநாளும் செய்ததில்லை.

ஆனால் அந்த மாணவி ஒரு வாரம் எதையும் அனுப்பவில்லை. எல்லாரும் சிரித்தோம்; அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. தொலைவில் இருந்து கற்பிப்பவனுக்கு முகம் தெரிவதில்லை என்பது சாக்குதான். தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் எவர் பதிவையும் அவர் இசைவின்றிப் பொதுவில் வைப்பதில்லை. என் பதிவுகளையும் அவர்களிடம் கொடுத்தேன். மலாய்மொழியில் நான் பேசிய அரை நிமிடத்தில் அதே மாணவி நான்கு பிழைகள் கண்டுபிடித்தார்.

எல்லாவற்றையும் மாணவரிடமே விட்டுவிட முடியாது. வினைமுற்று விகுதிகளை நான்தான் நடத்த வேண்டியிருந்தது. "செல்கிறேன்" என்று நூல் சொல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டி "போறேன்" என்கிறாரே என்று ஒருவர் பாட்டியின் குரலோடு வந்து நின்றபோது, எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்ற பாடத்தையே முன்னுக்கு இழுக்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு, இசைவு பெற்று, அதே பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தேன். கேட்டார்கள், அவ்வளவுதான். பழக்கமில்லாத ஒருவரின் பல்லி அவர்களுக்குச் சுவைக்கவில்லை. பழையவற்றை ஒதுக்கிவிட்டு, "உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?" என்று முதலிலிருந்து தொடங்கினேன்.