தொட்டியில் வளரும் மரம்: ஜப்பானிய மேப்பிளும் தங்கவயலின் ஆலும்

மரம் ஒன்றை ஆழமற்ற தொட்டியில் பல ஆண்டுகள் வைத்து, அதன் இயற்கைத் தோற்றம் கெடாதவாறு சிறிய அளவிலேயே வளர்க்கும் கலை போன்சாய் எனப்படும். ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்குத் ‘தட்டில் நடப்பெற்றது’ என்பது பொருள். எனினும் கலை தோன்றிய நாடு சீனா. அங்கு கி.பி. 706இல் அமைக்கப்பெற்ற அரசகுமாரர் ஒருவரின் கல்லறைச் சுவரில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டுகளை ஏவலர் ஏந்திச் செல்லும் ஓவியம் உள்ளது. ஜப்பானியர் இக்கலையை ஏற்று நுணுக்கமாக வளர்த்தனர். அவர்கள் பெரிதும் விரும்பும் மரங்களுள் ஒன்று ‘ஏசர் பால்மேட்டம்’ என்னும் மேப்பிள். விரித்த கைவிரல்களைப் போன்ற அதன் இலைகள், உதிருமுன் செந்நிறம் அடைகின்றன.

இளம் மேப்பிள் கன்றைப் போன்சாயாக்க முனைவோர் செய்யும் முதற்பிழை, அதனை உடனே சிறு தொட்டியில் அடைத்துவிடுவதாகும். அவ்வாறு செய்தால் பத்தாண்டுகள் கழிந்தாலும் கிடைப்பது ஒரு மெல்லிய குச்சியே. அடிமரம் பருப்பதற்கு இலைகள் மிகுதியாக வேண்டும். இலைகளில் உண்டாகும் சர்க்கரை பட்டையின் வழியே கீழிறங்கி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள வளர்படையை ஊட்டுகிறது. அப்படையே ஆண்டுதோறும் புதுக் கட்டையை உண்டாக்குகிறது. ஆகவே கன்றை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தரையிலோ அகன்ற தொட்டியிலோ தடையின்றி வளரவிடுவர். அடிப்பகுதியில் ஒரு கிளையை, பின்னர் வெட்டிவிடுவதற்கென்றே நீளவிடுவதும் உண்டு; அக்கிளைக்குக் கீழேயுள்ள தண்டு விரைவில் பருக்கும். போதிய பருமன் வந்தபின் தண்டைத் தாழ வெட்டி, வெட்டுவாய்க்கு அருகில் துளிர்க்கும் ஒரு கிளையைப் புதிய தலையாக நிமிர்த்துவர். இதனைச் சில முறை செய்தால், அடி பருத்து நுனி சிறுத்த முதுமரத் தோற்றம் உண்டாகிறது.

நுனியை வெட்டியவுடன் பக்க மொட்டுகள் விழிப்பதேன்? நுனித்துளிரில் சுரக்கும் ஆக்ஸின் என்னும் ஹார்மோன் தண்டில் கீழ்நோக்கிச் சென்று பக்க மொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி நீங்கினால் அடக்குமுறையும் நீங்குகிறது. மேப்பிளின் மொட்டுகள் எதிரெதிராக அமைந்தவை. எனவே ஒவ்வொரு வெட்டும் ஒரு கிளையை இரண்டாக்குகிறது. வகுப்பில் இதனை மெய்ப்பிக்க மேப்பிள் தேவையில்லை. தட்டைப்பயறு நாற்றுகள் இரண்டை எடுத்து ஒன்றின் நுனியை மட்டும் கிள்ளிவிட்டுச் சில நாட்கள் கவனித்தாலே போதும்.

இனி இம்முறையைக் கோலார் தங்கவயலில் கையாள்வது பற்றிக் காண்போம். 1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், ஐரோப்பிய அதிகாரிகள் தம் பங்களாக்களைச் சுற்றி மேனாட்டுச் செடிகளை வளர்த்தனர். ஊர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது, மாலைக்காற்றும் இதமானது. இது கொண்டு மேப்பிளும் இங்குத் தழைக்கும் என எண்ணுவது தவறு. மேப்பிள் குளிர்காலத்தில் உறங்கும் மரம். அதன் மொட்டுகள் மீண்டும் சீராக விழிப்பதற்கு, ஏறத்தாழ 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழான குளிர் பல வாரங்கள் வேண்டும். தங்கவயலில் மார்கழி இரவுகளிலும் உஷ்ணநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர் போதாத மரம் அரைகுறையாகத் துளிர்த்து ஆண்டுக்காண்டு மெலிகிறது. அதன் மேல் சித்திரை வெயிலில் இலை விளிம்புகள் கருகுகின்றன. உப்பு மிகுந்த கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரும் அதற்கு ஒவ்வாது. பள்ளித் தோட்டத்திற்கெனப் பொருள் செலவிட்டு மேப்பிள் கன்று வாங்குவது, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இறக்கப்போகும் ஒரு செடியை வாங்குவதே ஆகும். மாணவரோ தம் கவனக்குறைவால் அது பட்டுவிட்டதாக எண்ணி, முயற்சியையே கைவிடுவர்.

முறையை அப்படியே வைத்துக்கொண்டு மரத்தை மட்டும் மாற்றிக்கொள்வதே தக்கது. அதற்குரிய மரம் சுவரிலேயே காத்திருக்கிறது. ஆல், அரசு ஆகியவற்றின் பழங்களைத் தின்ற பறவைகளின் எச்சத்தின் வழியாக, விதைகள் பழஞ்சுவர் வெடிப்புகளில் விழுந்து முளைக்கின்றன. மண்ணும் நீரும் அளவாகவே கிடைக்கும் அந்த இடத்தில் வேர் நெருக்குண்டு, கன்று தானாகவே குறுகியும் முறுகியும் வளர்கிறது. மனிதர் தொட்டியில் செய்வதைச் சுவர் முன்னரே செய்து வைத்திருக்கிறது எனலாம். அக்கன்றை அகற்றுவதால் சுவரும் பிழைக்கிறது. ஆனால் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் கவனிப்பாரற்றுக் கிடக்கும் சுரங்கக் கட்டடங்களுக்கும் குழிவாய்களுக்கும் அருகில் மாணவரை அழைத்துச் செல்லலாகாது. பள்ளி மதில், கிணற்றுச் சுவர், வீட்டு மாடி முதலியவற்றில் உள்ள கன்றுகளை உரியவரின் அனுமதி பெற்று எடுத்தாலே போதும்.

கன்றை எடுக்க ஏற்ற காலம், மழை தொடங்கும் ஆனி மாதம். வெடிப்பை உளியால் சிறிது அகற்றி, சல்லிவேர் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் சிதையாமல் எடுக்க வேண்டும். பருத்த வேர் அறுபட்டாலும் ஆல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் பெருமை அதுவே. வெட்டுவாயில் வடியும் பாலை நீரால் துடைத்துவிட்டு, இலைகளில் பாதிக்கு மேல் கழித்து, அகன்ற தொட்டியில் நட்டு நிழலில் வைக்கவும். காற்றில் ஈரம் குறைவாயின், கன்றின் மேல் பிளாஸ்டிக் பையைத் தளரக் கவிழ்த்துச் சில வாரங்கள் காக்கலாம். புதுத் துளிர் வந்தபின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஓராண்டு வரை கத்தரியும் கம்பியும் அதனை அண்டலாகாது.

பின்னர் கிளைகளை வளைக்கலாம். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பியை 45 டிகிரிச் சாய்வில் சுற்றி, மெல்ல வளைக்க வேண்டும். ஆலின் கிளை விரைந்து பருப்பதால், வாரந்தோறும் பார்த்து, கம்பி பட்டையில் பதியுமுன் வெட்டி எடுத்துவிட வேண்டும். சுற்றை அவிழ்க்க முயன்றால் கிளை ஒடியும். இலைகளைச் சிறிதாக்க, நன்கு செழித்த மரத்தில் மட்டும் கோடையின் முடிவில் இலைகளைக் காம்பு விட்டுக் கத்தரிப்பர். மெலிந்த மரத்திற்கு இதனைச் செய்வது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். அடிமரம் பருத்து, கிளை அமைப்பும் ஒழுங்குபட்ட பின்னரே ஆழமற்ற தட்டுக்கு மாற்ற வேண்டும். அப்பொழுது வேர்த்திரளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். பிறகு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வாறே செய்வது போதும்.

மண் கலவையில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆலைக் கழிவு மணல் 13 குன்றுகளாக, ஏறத்தாழ 3.3 கோடி டன் அளவில், ஊரைச் சூழ்ந்து கிடக்கிறது. ‘சயனைடு மேடு’ என்று மக்கள் கூறும் இம்மணலைத் தொட்டியில் இடலாகாது. மாணவர் கையால் அள்ளவும் விடலாகாது. தங்கத்தைப் பிரித்த கசடாகிய இது, மிக நுண்ணிய பொடியாதலால் நீர் பட்டால் இறுகி வேருக்குக் காற்றை மறிக்கும். தாதுவோடு வந்த நஞ்சுப் பொருள்களும் இதில் தங்கியிருக்கக்கூடும். கோடைக் காற்றில் பறந்து இலைமேல் படியும் தூசியையும் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். செங்கல்லை உடைத்துச் சலித்த 3 முதல் 5 மில்லிமீட்டர் பொடிக்கல் இரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலையெரு ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. தொட்டியின் விளிம்பில் வெண்ணிற உப்பு படியுமாயின், சேமித்த மழைநீரை ஊற்றுவது நலம்.

சுவர்க்கன்று கிடைக்காத இடத்தில் புளியங்கொட்டை உண்டு. ஒரே நெற்றில் கிடைத்த இரு கொட்டைகளை முளைக்கவிட்டு, ஒன்றைத் தரையிலும் மற்றொன்றை ஆணிவேர் களைந்து தொட்டியிலும் நட்டு, மாதந்தோறும் நூலால் அடிமரச் சுற்றளவை அளந்து பதிவேட்டில் குறித்துவரச் செய்யலாம். மாலையில் இரு கன்றுகளின் சிற்றிலைகளும் ஒன்றுபோலவே மூடிக்கொள்ளும். தொட்டி மரம் காய்க்குமாயின் நெற்று மட்டும் தன் முழு அளவிலேயே தொங்கும். இலை சிறுப்பதுபோல் கனி சிறுப்பதில்லை. சிறுமை பரம்பரைக் குணமா என மாணவர் வினவுவர். பல ஆண்டுகள் கழித்துத் தொட்டி மரத்தையும் தரையில் நட்டால், அதுவும் ஏனைய புளிகளைப் போலவே ஓங்கத் தொடங்கும்.