நம்ம புள்ளை விவரம் யார் கையில்?



"பால்வாடியில ஆதார் கேக்குறாங்க, போன் நம்பர் கேக்குறாங்க, இப்ப மூஞ்சிய வேற போட்டோ புடிக்கிறாங்க. எதுக்குக்கா இதெல்லாம்?" குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. இன்னொரு பக்கம், "எங்க வீட்டு விஷயம் எப்படி ஊருக்கெல்லாம் தெரிஞ்சுது?" என்று கண் கலங்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்தான். நம் பிள்ளைகளுக்காக இயங்கும் அங்கன்வாடி, சுகாதார நிலையம், குழந்தைகள் நலக் குழு, 1098 இவையெல்லாம் நம் குடும்பத்தைப் பற்றி என்னென்ன தெரிந்து வைத்திருக்கின்றன? அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? இந்த மாதப் பாடத்தில் இதைத் தெரிந்து கொள்வோம்.

அங்கன்வாடி நோட்டிலிருந்து செல்போனுக்கு

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. அப்போதிருந்து அங்கன்வாடியில் நம் விவரங்கள் எழுதப்பட்டுத்தான் வருகின்றன. வீட்டில் எத்தனை பேர், யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தை என்ன எடை என்று பெரிய பெரிய ரெஜிஸ்டர்கள் இருக்கும். அவை பீரோவில் இருந்தவரை, பார்ப்பவர்கள் டீச்சர், சூப்பர்வைசர், மிஞ்சினால் இன்னும் இரண்டு பேர். 2021 மார்ச்சில் மத்திய அரசு போஷன் டிராக்கர் என்ற செயலியைக் கொண்டு வந்தது. இப்போது அதே விவரம் டீச்சர் கையில் உள்ள செல்போன் வழியாக மேலே போகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப்பதிவு வேண்டும் என்பதை 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. வாங்காதவர் பேரில் கணக்கு எழுதக் கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

கேட்கிற டீச்சர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவரும் நம்மைப் போல ஒரு பெண்தான். மேலே இருந்து கேட்பதை அவர் கேட்கிறார். சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பதும் அவர்தான். ஆனால் நாம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: "டீச்சர், இது எதுக்குன்னு சொல்லுங்க." அந்த உரிமை நமக்கு உண்டு. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்புச் சொன்னார்கள். குடிசையில் இருப்பவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் அது ஒன்றுதான்.

ஆதார் விஷயத்தையும் தெளிவாக வைத்துக் கொள்வோம். ஆதார் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் சலுகையை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சத்துமாவு வாங்கக் குழந்தையின் ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதார் இருந்தால் போதும் என்று மத்திய அரசும் விளக்கம் கொடுத்தது. "புள்ளைக்கு ஆதார் எடுத்துட்டு வா, அப்புறம் மாவு தர்றேன்" என்று யாராவது சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

எடை அட்டை எல்லோருக்கும் காட்டுவதற்கா?

தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடு போடும் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் இருக்கும். புள்ளி ஆரஞ்சில் விழுந்தால் அந்தக் குழந்தைக்கு உடனே கவனிப்புத் தேவை. இந்தத் தகவல் டாக்டருக்குப் போக வேண்டும், போனால்தான் நல்லது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கடுமையாக எடை குறைந்த பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தது இப்படி எடை போட்டுத்தான்.

ஆனால் அதே எடைப் பட்டியலைப் பெயரோடு சுவரில் ஒட்டினால் என்ன ஆகும்? எடை போடும்போது எடுத்த போட்டோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால்? "புள்ளைக்குச் சோறு போடாதவ" என்ற பேர் அந்தத் தாய்க்குத்தான் வரும். மாமியார் வாயிலும் விழ வேண்டும், பக்கத்து வீட்டு வாயிலும் விழ வேண்டும். அடுத்த மாதம் அவர் பிள்ளையை எடை போடவே கொண்டுவர மாட்டார். குழந்தையைக் காப்பாற்ற எடுத்த கணக்கு, அந்தக் குழந்தையையே மையத்திலிருந்து விரட்டிவிடும். எத்தனை குழந்தைகள் எந்த நிறத்தில் என்ற எண்ணிக்கையை மட்டும் கிராம சபையில் சொன்னால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

எச்.ஐ.வி. இருக்கும் குடும்பத்தில் இது இன்னும் கடுமையான விஷயம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவருடைய நோய் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது குற்றம். நர்சம்மாவானாலும் சரி, பள்ளிக்கூட ஆசிரியரானாலும் சரி, "ஜாக்கிரதையா இருங்க, அந்தப் புள்ளைக்கு..." என்று காதோடு சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை.

பேர் சொல்லி வரும் போன்

"உங்க பொண்ணு பேரு இதுதானே? இந்த ஆஸ்பத்திரியிலதானே பொறந்துச்சு? உதவித்தொகை வந்திருக்கு, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் நம்பிக்கை வரத்தான் செய்யும். பிள்ளை பேர் வரை சரியாகச் சொல்கிறார்களே! நம் விவரம் எங்கோ ஒரு வழியில் கசிந்து திருடன் கைக்குப் போயிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரசவ உதவி, கல்வி உதவித்தொகை என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இந்த விவரங்களை வைத்துத்தான் விளையாடுகிறார்கள். எந்த அரசு அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது. பணம் வாங்கிக்கொள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, பின் நம்பரும் போட வேண்டாம். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு நேரத்தை விடாமல் உடனே 1930க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஆதார் நகல் கொடுக்கும்போது அதன்மேல் குறுக்கே "சத்துமாவுக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடும் பழக்கம் நல்லது. ஜெராக்ஸ் கடையில் கெட்டுப்போன நகலை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

விசாரிக்க வருபவர்

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, வீட்டில் அடி உதை படும் பிள்ளை இவர்களுக்காக மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இதைச் சொல்வது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இந்தக் குழு ஒரு முடிவு எடுக்கும்முன் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும். வருமானம் என்ன, அப்பா குடிப்பாரா, யாருக்கு என்ன வியாதி, வீட்டில் யார் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்றுகூடக் கேட்பார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வாங்கவும் இந்த விசாரணை வேண்டும். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதை விசாரிக்காமல் எப்படித் தெரியும்? எனவே வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லலாம். வாசலில் நாலு பேர் கூடி நின்றால், "உள்ளே வந்து கேளுங்க சார்" என்று சொல்லுங்கள். சொல்லத் தயங்காதீர்கள்.

அப்படி எழுதப்படும் அறிக்கை ரகசியமானது என்று சட்டத்தின் 99ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்ற சாரத்தைத் தாய் தகப்பனுக்குச் சொல்லலாம், அது தவறு என்றால் ஆதாரம் காட்டவும் வாய்ப்புத் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊருக்கு மறைக்க வேண்டியது வேறு, பெற்றவளுக்கே மறைப்பது வேறு. "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேளுங்கள்.

74ஆவது பிரிவும் முக்கியம். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை, குற்றத்தில் சிக்கிய பிள்ளை, பாதிக்கப்பட்ட பிள்ளை, சாட்சி சொல்லும் பிள்ளை யாராக இருந்தாலும் பேர், விலாசம், பள்ளிக்கூடம், அடையாளம் காட்டும் வேறு எந்த விவரத்தையும் பத்திரிகையிலோ டி.வி.யிலோ வேறு எந்தத் தகவல் தொடர்பு வழியிலோ வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மடலுக்கும் அது பொருந்தும், உங்கள் செல்போன் ஸ்டேட்டஸுக்கும் பொருந்தும்.

தீர்மான நோட்டில் எழுதும்போது

இதுதான் நம் குழுக்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். ஒரு உறுப்பினரின் மகளுக்குப் பாலியல் கொடுமை நடந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். குழு கூடி, செலவுக்கு அவசரக் கடன் கொடுக்க முடிவு செய்கிறது. நல்ல காரியம். தீர்மான நோட்டில் ஊக்குநர் எழுதுகிறார்: "இன்னாருடைய மகளுக்கு நடந்த கொடுமைக்காக..." அந்த நோட்டு அடுத்து எங்கே போகும்? கூட்டமைப்புக்கு, தணிக்கையாளருக்கு, வங்கி மேலாளர் மேசைக்கு. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அந்த எழுத்து அப்படியே இருக்கும். "உறுப்பினரின் குடும்ப அவசரச் செலவுக்கு" என்று எழுதினால் கணக்குக்கு அது போதும்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் பிள்ளையின் அடையாளத்தைக் காக்கச் சொல்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பிள்ளை வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோதான் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஏன்? தெருவில் ஜீப் வந்து நின்றால் அதுவே தண்டோரா போட்ட மாதிரிதானே. பேரைச் சொல்லாமல், "மேலத் தெரு கடைசி வீட்டுல, எட்டாவது படிக்குதே அந்தப் புள்ளை" என்றாலும் அடையாளம் சொன்னதுதான்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப யாருக்கும் சொல்லாம மூடி வெச்சிடலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி ஒரு குற்றம் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பதும் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. பஞ்சாயத்துப் பேசிச் சமாதானம் செய்வதற்கு இதில் வேலையே இல்லை. 24 மணி நேரமும் 1098க்கு இலவசமாகப் பேசலாம். 2023இல் இந்த உதவி எண் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. உங்கள் பேரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் சட்டத்தில் இருக்கிறது.

தொட்டில்

பேர் கேட்காமலே உதவ முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகும் தாயிடம் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? பெண் பிள்ளையைப் பெற்றவளே விட்டுவிட்டுப் போவதற்கு அரசாங்கம் தொட்டில் கட்டித் தரலாமா என்று அப்போது கேட்டவர்களும் உண்டு, அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிர் பிழைத்த பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இன்று, வளர்க்கவே முடியாத நிலையில் இருக்கும் தாய் குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். மனம் மாறித் திரும்பப் பெற 2 மாதம் அவகாசம் உண்டு. ஒப்படைத்தவரின் விவரம் ரகசியமாக வைக்கப்படும். தத்துப் போன பிள்ளை வளர்ந்த பிறகு தன் வேரைத் தேடலாம் என்று விதி இருக்கிறது. அப்போதும் பெற்ற தாயின் அந்தரங்கத்தைப் பாதிக்காமல்தான் தேட வேண்டும். கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வேறு வாழ்க்கை தேடிக்கொண்ட பெண்ணை நினைத்துப் பாருங்கள், அந்த விதியின் அருமை புரியும்.

நம் ஊர்க் குழுவில் நாமும்

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் மகளிர் குழுப் பிரதிநிதியும் உறுப்பினர். ஊராட்சித் தலைவர் தலைமையில் அது கூடும்போது எந்த வீட்டில் குழந்தைத் திருமணப் பேச்சு நடக்கிறது, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்பதெல்லாம் நம் காதுக்கு வரும். அங்கே கேட்டதை வீட்டில் கணவரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கஷ்டம்தான், ஆனால் முடியாததல்ல.

2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அரசுத் திட்டங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. இதைப் பற்றித் தனியாக ஒரு பாடம் எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கிறது.

இந்த மாதக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எடுத்துப் பேசுங்கள். ஒன்று: பள்ளி விட்டு நின்ற ஒரு பிள்ளையின் பேரை ஊராட்சித் தலைவர் கேட்கிறார், தாயோ சொல்ல வேண்டாம் என்கிறார். பிரதிநிதி என்ன செய்ய வேண்டும்? இரண்டு: உங்கள் குழுவின் பழைய தீர்மான நோட்டுகளில் பிள்ளைகள் பேரோடு எழுதப்பட்டவை இருக்கின்றனவா, அந்த நோட்டுகள் இப்போது யார் வீட்டில், எந்தப் பெட்டியில் இருக்கின்றன?