பாதியில் நிற்கும் நாவலும் ஓவனில் வேகும் பையும்

நாவல் எழுதுபவர்கள் ஆலோசனை தேடி வருவது பெரும்பாலும் நடுவில்தான். 25,000 அல்லது 30,000 சொற்கள் ஆகியிருக்கும். பாத்திரங்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஊரும் தெருவும் வீடும் அமைந்துவிட்டன. அதற்குமேல் ஒரு பத்திகூட நகரவில்லை என்பார்கள். கொஞ்சம் தயங்கி இன்னும் சிலவற்றையும் சொல்வார்கள்: நண்பர்களுடன் பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடு நேரம் தவறுகிறது, வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. கடைசியில் “எனக்கு எழுத்து வராது போலிருக்கிறது” என்று முடிப்பார்கள்.

அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில் திறமை வற்றிப்போவது அரிது. நாளின் ஒழுங்கு குலைந்திருப்பதே வழக்கமான காரணம். அதைச் சரிசெய்ய முடியும்.

ஏன் இப்படி ஆகிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80,000 சொற்கள் கொண்ட நாவலை நாளுக்கு 500 சொற்கள், வாரத்துக்கு 5 நாட்கள் என்று எழுதினால் 160 வேலைநாட்கள் ஆகும். அதாவது 32 வாரங்கள், எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் முதல் வரைவுக்கு மட்டும். இந்த எட்டு மாதத்தில் எந்த மாலையிலும் ‘இன்று ஒரு வேலை முடிந்தது’ என்று எழுந்திருக்க வழியில்லை. சமைப்பவருக்கும் தைப்பவருக்கும் பொழுது சாய்வதற்குள் கையில் ஏதோ ஒன்று முழுமையாக வந்துவிடுகிறது. நாவலாசிரியருக்கு மட்டும் எல்லா நாளும் பாதியிலேயே முடிகிறது.

இரண்டாவது காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் அத்தியாயங்களில் நீங்கள் வாசகருக்குப் பல வாக்குறுதிகள் கொடுத்திருக்கிறீர்கள். நடுப்பகுதியில் அவற்றைக் காப்பாற்றத் தொடங்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த சுதந்திரம் இங்கே சுருங்குகிறது. எழுத்து கடினமாவது இயல்பு.

மூன்றாவது காரணம் தனிமை. எழுதுவதற்குத் தனிமை தேவைதான். ஆனால் எழுதாத நேரத்துக்கும் அதை நீட்டிவிடுவது பலருக்கும் தெரியாமலே நடக்கிறது.

அறிகுறிகளைப் பிரித்துப் பாருங்கள்

எல்லா முடக்கமும் ஒன்றல்ல. மருந்தைத் தேடுமுன் உங்களுடையது எது என்று பாருங்கள்.

கடிதமோ கட்டுரையோ தடையின்றி எழுத வருகிறது, நாவலின் இந்த ஓர் அத்தியாயம் மட்டும் வரவில்லை என்றால், கோளாறு கதையில் இருக்கிறது. நின்ற இடத்தில் அல்ல, அதற்கு ஒன்றிரண்டு காட்சிகள் முன்னால் தேடுங்கள். அங்கே ஒரு பாத்திரம் தன் இயல்புக்கு மாறாக, உங்கள் வசதிக்காக எதையாவது செய்திருக்கும்.

எதை எழுதினாலும் வரவில்லை, படித்தாலும் மனத்தில் ஏறவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் அது களைப்பு. வேலைநேரத்தைத் திருத்த வேண்டும்.

நண்பரின் அழைப்பைப் பார்த்தும் எடுக்காமல் விடுகிறீர்கள், “நாவல் எப்படிப் போகிறது?” என்று கேட்டுவிடுவார்களோ என்று கூட்டங்களைத் தவிர்க்கிறீர்கள் என்றால் அது ஒதுங்கல். இதற்கு மேசையை விட்டு எழுந்து வருவதே வைத்தியம்.

முதல் திருத்தம்: நேரத்துக்கு ஒரு முடிவு

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரொலோப் அஞ்சல் துறையில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே பெரும்பாலான நாவல்களை எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். காலை 5.30 மணிக்கு மேசையில் இருப்பார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். காலை உணவுக்குமுன் நாவல் வேலை முடிந்துவிடும். இவற்றை அவரே தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

அந்த வேகத்தை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. அது அவருடைய கைப்பழக்கம். எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: முந்தைய நாள் எழுத்தைப் படித்துவிட்டுத் தொடங்குவது, குறித்த நேரத்தில் நிறுத்துவது. நிறுத்துவதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே ஒரு நல்ல விதி வைத்திருந்தார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். தீர்ந்துபோகும்வரை எழுதிவிட்டு எழுந்தால் மறுநாள் வெறுமையிலிருந்து தொடங்க நேரும். நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அதன் தொடக்கமும் முடிவும் தாளில் எழுதப்பட்டிருக்கட்டும்.

இரண்டாவது திருத்தம்: அன்றே முடியும் ஒரு கைவேலை

பாதியிலேயே முடியும் நாட்களுக்கு ஈடாக, அன்றே முழுமையாகும் ஒரு வேலை கையில் இருக்கட்டும். இங்கே ஒரு நாவலாசிரியரின் வீட்டைப் பார்ப்பது உதவும். மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1928இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கிராஸ் க்ரீக் என்ற சிற்றூரில் ஆரஞ்சுத் தோப்பு ஒன்றை வாங்கிக் குடியேறினார். வலை அடித்த முன்தாழ்வாரத்தில் தட்டச்சுப் பொறி, உள்ளே விறகடுப்பு, தொழுவத்தில் டோரா என்ற பசு. அந்தப் பசுவின் பாலேடு அவர் சமையலில் தாராளமாகப் புழங்கியது. அங்கிருந்துதான் 1938இல் ‘தி இயர்லிங்’ நாவல் வந்தது; 1939இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஊரைப் பற்றி அவர் எழுதிய ‘கிராஸ் க்ரீக்’ 1942இல் வெளியானபோது, அதில் வரும் சாப்பாட்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, போர்முனையில் இருந்த வீரர்கள் உட்படப் பலர் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டிலேயே ஒரு சமையல் நூலும் எழுதினார். அதில் பேர்பெற்றது ‘பிளாக் பாட்டம் பை’: இஞ்சி பிஸ்கட் ஓட்டில் சாக்லேட் கஸ்டர்டு, அதன்மேல் ரம் மணக்கும் வெளிர் அடுக்கு, உச்சியில் அடித்த கிரீம்.

பை (மாவு ஓட்டில் பழம், இறைச்சி, கஸ்டர்டு போன்றவற்றை நிரப்பிச் செய்யும் பண்டம்) எழுதுபவருக்கு ஏற்ற வேலை. காரணம் அதன் காத்திருப்புகள். கைவேலை சிறிது, ஓய்வு நேரம் அதிகம். முதல் முயற்சிக்கு ராலிங்ஸின் பை வேண்டாம்; பழைய செய்முறைகளில் மேல் அடுக்கில் வேகாத முட்டை வெண்கரு சேரும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது ஏற்றதல்ல. ஆப்பிள் பையில் தொடங்குங்கள்.

23 செ.மீ. தட்டுக்கு மைதா 300 கிராம், ஃபிரிட்ஜில் வைத்த வெண்ணெய் 150 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி (உப்பு வெண்ணெய் என்றால் வேண்டாம்). வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, விரல்நுனியால் மாவோடு உதிர்த்து விடுங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் அங்கங்கே தெரிய வேண்டும். பனிநீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகத் தெளித்து, மாவு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசையக் கூடாது. பிசைந்தால் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) வலுப்பட்டு ஓடு விறைத்துவிடும். வெண்ணெய்த் துண்டுகள் உருகாமல் இருந்தால்தான் சூட்டில் அவற்றின் ஈரம் ஆவியாகி, ஓடு பொரபொரவென்று அடுக்கடுக்காக வரும். வெயில் ஊர்களில் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவையும் பாத்திரத்தையும்கூட முன்கூட்டிக் குளிரவைக்கலாம்.

மாவை மூடி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். முந்தைய நாள் எழுதியதைப் படிக்க அந்த அரைமணி போதும். பிறகு மாவை இரண்டாக்கி வட்டமாகத் தேய்த்து, ஒன்றைத் தட்டில் விரியுங்கள்; மற்றது மேல் ஓடு. ஒரு கிலோ புளிப்பு ஆப்பிளைச் சீவி, 100 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து ஓட்டில் நிரப்புங்கள். மேல் ஓட்டால் மூடி, ஆவி போக நான்கைந்து இடத்தில் கீறிவிடுங்கள். நன்றாகச் சூடேறிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், 180 டிகிரியில் இன்னும் 35 முதல் 40 நிமிடம். கீறல் வழியே சாறு கெட்டியாகக் கொதிப்பது தெரிந்தால் வெந்துவிட்டது. எடுத்தவுடன் வெட்டாதீர்கள். ஆறும்போதுதான் சாறு இறுகும். இரண்டு மணி நேரமாவது விடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் எழுத்துக்கு.

அடி ஓடு ஈரமாகிவிட்டால் பதறவேண்டாம். அடுத்த முறை தட்டை ஓவனின் கீழ்த்தட்டில், முன்பே சூடேறிய இரும்புத் தகட்டின் மேல் வையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: வாரம் ஒரு முறை போதும். எழுத வேண்டிய நேரத்தில் தினமும் மாவு பிடித்தால் அது வேலையைத் தள்ளிப்போடும் தந்திரம்.

மூன்றாவது திருத்தம்: நண்பர் வேறு, வாசகர் வேறு

பையைத் தனியாகச் சாப்பிட முடியாது. அதுவே அதன் இரண்டாவது பயன்: வாரம் ஒரு நாள் யாரையாவது அழைக்க வேண்டியிருக்கும். அழையுங்கள், ஆனால் கைப்பிரதியைக் கொடுக்காதீர்கள். பாதி நாவலைப் படிக்கும் நண்பர் பாராட்டினாலும் சிக்கல், குறை சொன்னாலும் சிக்கல். வரைவைப் படிக்கத் தனியாக ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ராலிங்ஸுக்கு அப்படி வாய்த்தவர் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தின் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ். காட்டுப்புறச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதுங்கள் என்று அவருக்கு யோசனை சொன்னவரும் இவரே. நியூயார்க்குக்கும் ஃப்ளோரிடாவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கடிதங்கள் போய்வந்தன. நட்பும் இருந்தது, ஆனால் பெர்கின்ஸின் வேலை என்ன என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸெல்மா கேசன் ராலிங்ஸின் நெடுநாள் தோழி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக இருவரும் குதிரையில் சேர்ந்து அலைந்தவர்கள். ‘கிராஸ் க்ரீக்’ நூலில் தன்னை உண்மைப் பெயருடன், வாய்த்துடுக்குக்காரியாகச் சித்திரித்துவிட்டார் என்று ஸெல்மா 1943இல் வழக்குத் தொடுத்தார். 1946இல் நடுவர் குழு எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1947இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தனியுரிமை மீறல் (ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் இசைவின்றிப் பொதுவில் வைப்பது) நடந்தது என்று ஏற்று, பெயரளவில் ஒரு டாலரும் வழக்குச் செலவும் விதித்தது. பணம் சிறிது, இழந்த ஆண்டுகள் பெரிது. அதன்பின் அந்த ஊரைப் பற்றி ராலிங்ஸ் நூல் எதுவும் எழுதவில்லை.

ராலிங்ஸ் வீட்டில் சமைத்த ஐடெல்லா பார்க்கரும், அந்தச் சமையல் நூலின் செய்முறைகள் பல தன்னுடையவை என்றும், மூன்றுக்கு மட்டுமே தன் பெயர் தரப்பட்டது என்றும் 1992இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார்.

ஆகவே நண்பரை எழுதுவதாக இருந்தால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. தொழில், ஊர், தோற்றம் ஆகியவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். அவர் நம்பிச் சொன்ன செய்தி என்றால் அச்சுக்குமுன் கேளுங்கள். வாழ்க்கை வரலாறு போன்ற உண்மை எழுத்தில் இது இன்னும் கட்டாயம். ஒருவரின் கதையையோ கைப்பக்குவத்தையோ பயன்படுத்தினால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

இரவெல்லாம் விழித்தால்தான் எழுத்து வரும் என்பது நம்பிக்கை மட்டுமே. காப்பியிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக் காப்பி இரவு ஒன்பதுக்கும் உடலில் இருக்கிறது. மது தூக்கத்தை வரவழைப்பதுபோல் காட்டி, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். புகையும் அப்படியே வீண். எழுதியதை ஒரே மூச்சில் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதும் வேண்டாம். பிடிக்காத பக்கங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டுக் குகைச் சிக்கலாக (மணிக்கட்டின் உள்ளே நரம்பு நசுங்குவது) இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். எதிலும் பிடிப்பின்மை, சோர்வு, தூக்கக் கேடு ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் அதை ‘எழுத்தாளனின் சோகம்’ என்று பெருமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

வரும் வாரத்துக்கு இவ்வளவு போதும்: ஐந்து நாட்களுக்கு இரண்டிரண்டு மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை மாவு பிடியுங்கள். மாலைக்கு, நாவலைப் பற்றிக் கேட்காத நண்பர் ஒருவரை அழையுங்கள். ஒரே வாரத்தில் எழுத்து நகராமல் போகலாம். ஒரு மாதமாவது இந்த ஏற்பாட்டை மாற்றாமல் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த அத்தியாயம் நின்றே இருந்தால், முன்னே சொன்னபடி, அதற்கு முந்தைய காட்சியைத் திறந்து திருத்தத் தொடங்குங்கள்.