பங்கும் கடன் பத்திரமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. ஈட்டிய பொருளைப் பிறர் தொழிலில் இடுவார்க்கு இதனினும் சிறந்த அறிவுரை வேண்டுவதின்று. புதிதாய் வெளியிடப்படும் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் குறித்து ஈண்டுச் சில கூறுவாம்.

முதற்கண் இவ்விரண்டன் வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஆரணியை அடுத்த களம்பூரிலே ஒருவர் பத்துப் பட்டுத்தறிகள் புதிதாய் நாட்ட விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவரோடு முதல் போட்டுக் கூட்டாளியாய்ச் சேர்பவன் பங்குதாரன். சேலை நன்கு விற்றால் இலாபத்தில் அவனுக்குப் பங்குண்டு. பட்டுநூல் விலையேறித் தறி நின்றால் அவன் இட்ட முதலும் அழியும். நூலும் ஜரிகையும் வாங்குதற்குத் தவணை குறித்துக் கடன் தந்து வட்டி பெறுபவனோ கடன் பத்திரம் உடையவனை ஒப்பான். இலாபம் பெருகினும் அவன் வட்டி பெருகாது. தொழில் முறியின், பங்குதாரனுக்கு முன்னே அவனுக்குக் கொடுத்தல் வேண்டும். ஆயினும், கொடுத்தற்கு ஒன்றும் எஞ்சாவிடின் அம்முன்னுரிமையால் பயன் யாது?

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இவ்வுண்மையைத் தமிழ்நாட்டார்க்கு இருவகையிற் கற்பித்தது. அம்மாதம் 16-ஆம் நாள், வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் முயற்சியால் தூத்துக்குடிச் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கொழும்புக்குக் கப்பல்களும் ஓடின. எதிரியாகிய ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை மிகக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கு வாங்கினோர் நாட்டன்பு போற்றுதற்குரியதே. ஆயினும் கட்டணப் போட்டியைத் தாங்குதற்கு அன்பு மட்டும் முதலாகாது.

அதே மாதம் 22-ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. இலண்டனில் அதனோடு தொடர்புடைய நிறுவனம் வீழ்ந்ததே உடனடிக் காரணம். அங்குப் பணம் வைத்தோர் பங்குதாரரல்லர், கடன் கொடுத்தோரே. பழம்பெயரை நம்பினார், கணக்கை நோக்கும் வாய்ப்பு அவர்க்கில்லை. இவ்வீழ்ச்சியின் பின்னரே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் பங்கு திரட்டி இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. அஃது இன்றும் நடைபெறுகின்றது. ஆகவே, பங்கெல்லாம் அழியும் என்பதும், கடனெல்லாம் மீளும் என்பதும் பிழையாம்.

நிற்க. இக்காலத்தே பொதுமக்களிடம் பங்கு திரட்டும் கம்பெனி, தன் கணக்கு, கடன், வழக்கு, இடர் ஆகியவற்றை விவர அறிக்கையில் வெளியிடல் வேண்டும். செபி என்னும் வாரியம் இதனை மேற்பார்க்கின்றது. அது கம்பெனிக்குத் தரும் நற்சான்று அன்று. ஆதலின் அறிக்கையைப் படிக்கும் கடமை வாங்குவோனுடையதே. திரட்டும் பணம் புதுத் தொழிலுக்கா, பழங்கடன் தீர்த்தற்கா, பழைய பங்குதாரர் விற்று வெளியேறுதற்கா என்பதை முதலில் நோக்குக.

கடன் பத்திரத்திற்கும் இரண்டு நுட்பங்கள் உண்டு. நாட்டில் வட்டி வீதம் உயர்ந்தால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்தின் விலை தாழும். தவணைக்கு முன் விற்பவன் நட்டமடைவான். அயல்நாட்டு நாணயத்திலுள்ள பத்திரமாயின் நாணய மாற்றும் சேரும். ஆசிய வளர்ச்சி வங்கி 1970-இல் தோக்கியோவில் யென் நாணயத்திற் பத்திரம் வெளியிட்டது. அத்தகைய பத்திரத்தில் வட்டி தவறாது வந்தும், யென் மதிப்புத் தாழ்ந்தால் நம் ரூபாய்க் கணக்கில் முதல் குறையக்கூடும்.

மாணவ நண்பர்காள்! அடுத்த பாவுக்கு நூல் வாங்க வைத்த பணத்தை எந்நெசவாளியும் பங்கில் இடலாகாது. கல்விக்கும் மருந்துக்கும் வைத்த பணமும் அத்தகையதே. எஞ்சியதில் ஒரு பகுதியை, பலவற்றிற் பகுத்து, படித்தறிந்த பின் இடுக. நும் பெற்றோர் எழுத்தறியாராயின், அவ்வறிக்கையைப் படித்துச் சொல்லுதல் நும் கல்வி அவர்க்குச் செய்யும் முதற் கைம்மாறாகும்.