கிணறு வெட்டுவித்த ஸ்பானியர்

ஸ்பானியர் என்றதும் காளைச் சண்டையும் ஓவியர் பிக்காசோவும் நினைவுக்கு வரலாம். காணியை விட்டுவந்து களுபோவிலயில் வாடகை அறைகளில் வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு நாம் அறிமுகஞ் செய்ய விரும்புபவர் வேறொருவர்: விசென்டே பெரர்.

1920இல் பார்சிலோனாவில் பிறந்த இவர், 1952இல் இயேசு சபைத் துறவியாக இந்தியா வந்தார். மகாராஷ்டிரத்தின் மன்மாடில் காணியிருந்தும் தண்ணீரில்லை. சொந்தக் காணியில் கிணறு வெட்டுவோருக்குக் கோதுமையும் எண்ணெயும் கொடுத்தார். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். கோதுமை உண்டு முடிந்தது, கிணறு நிலைத்தது.

செல்வாக்குள்ளோருக்கு இது பொறுக்கவில்லை. 1968இல் நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளை வந்தது. ஏறத்தாழ 30,000 கமக்காரர் 250 கிலோமீற்றர் நடந்து எதிர்த்தும், அவர் போகவே வேண்டியிருந்தது.

1969இல் திரும்பினார். ஆனால் மன்மாடுக்கல்ல, ஆந்திராவின் அனந்தப்பூருக்கு. இந்தியாவிலேயே மழை மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்று அது. 1970இல் சபையிலிருந்து விலகி ஆன் பெரி என்பவரை மணந்தார். இதைக் குறைசொன்னவர்கள் இருக்கலாம். கமக்காரர் கேட்டதோ தண்ணீர். அங்கும் கிணற்றிலிருந்தே தொடங்கினார். பின்பு பாடசாலைகள், மருத்துவமனைகள், வீடுகள். வீட்டுறுதி பெண்களின் பெயரில் எழுதப்பட்டது. நம்மிடையே உறுதியைத் தொலைத்துவிட்டு அலையும் தாய்மாருக்கு இதன் பெறுமதி தெரியும்.

2009இல் அவர் அனந்தப்பூரிலேயே மறைந்தார். மறு ஆண்டு, இன்னொரு ஸ்பானியரான ரெனிஸ் வீரர் ரபேல் நடால் அங்கே கிராமப் பிள்ளைகளுக்கு ஒரு ரெனிஸ் பாடசாலையைத் திறந்துவைத்தார்.